விண்டோஸ் 11-க்கு மாறும் முன் பழைய தமிழ்க் கோப்புகளை எப்படிப் பாதுகாப்பது?

புக்கிட் பாத்தோக் ஆசிரியை

எல்லாருக்கும் வணக்கம். நான் தொடக்கப்பள்ளியில் 31 ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள். வீட்டில் ஒரே ஒரு மேசைக்கணினி இருக்கிறது. 2019-இல் என் மகன் சிம் லிம் சதுக்கத்தில் பாகம் பாகமாக வாங்கி வந்து பொருத்திக் கொடுத்தது. உள்ளே இருப்பது இன்டெல் ஐ5-8400, நினைவகம் 8 ஜிபி. அப்போது விண்டோஸைப் புதிதாக நிறுவவில்லை. என் பழைய கணினியின் வட்டில் இருந்ததை அப்படியே நகலெடுத்து எஸ்எஸ்டி என்ற புதுவகை வட்டில் போட்டுவிட்டான். விண்டோஸ் 7-ஆக இருந்து 10-ஆக மாறிய அதே அமைப்புதான் இன்றுவரை ஓடுகிறது.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்று திரையில் அறிவிப்பு வந்துகொண்டே இருக்கிறது. இந்தக் கணினியில்தான் சிங்பாஸ் என்ற அரசு இணைய அடையாளத்தின் வழியாக மத்திய சேமநிதிக் கணக்கைப் பார்க்கிறேன், வங்கி வேலையும் இதில்தான். பாதுகாப்பு இல்லாமல் அதைத் தொடர எனக்கு மனமில்லை. பக்கத்திலுள்ள ஒரு கடையில் கேட்டேன். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், "இதில் 11 ஏறாது, புதுசு வாங்குங்கள்" என்று 1,400 வெள்ளிக்கு ஒரு விலைச்சீட்டைக் கொடுத்தார்கள். மகன் பெர்த்தில் வேலை செய்கிறான். மார்ச் மாதம் நான்கு நாள் வருகிறான். வந்ததும் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக 11 போட்டுத் தருகிறேன் என்கிறான்.

எனக்குப் பயமாக இருப்பது அந்தத் 'துடைத்துவிட்டு' என்ற சொல்தான். காரணத்தைச் சொல்கிறேன்.

2008-இல் ஒருமுறை கணினி மாற்றினேன். வேலை செய்து கொடுத்தவர் கோப்புகள் அனைத்தையும் பத்திரமாக எடுத்து வைத்துத்தான் கொடுத்தார். ஒன்றும் காணாமல் போகவில்லை. ஆனால் பயிற்சித்தாள்களைத் திறந்தால் தமிழே இல்லை, வெறும் ஆங்கில எழுத்துகள். 'தமிழ்மொழிப் பயிற்சி' என்று தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி, அதன்பின் ஏதேதோ. கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்தேன். பள்ளியில் கேட்டேன், அவர்களும் கெட்டுவிட்டது என்றே சொன்னார்கள். இடத்தை அடைக்கிறதே என்று நாற்பது ஐம்பது கோப்புகளை நானே என் கையால் அழித்தேன். அதில் ஔவையாருக்கு அதியமான் நெல்லிக்கனி கொடுக்கும் நாடகமும் ஒன்று. 2003-இல் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்காக எழுதியது.

அதன்பிறகு தட்டச்சு செய்தவை சுமார் 600 கோப்புகள் இப்போது கணினியில் இருக்கின்றன. என் திரையில் நன்றாகவே தெரிகின்றன. சென்ற வாரம் என் பழைய மாணவி ஒருவர், இப்போது அவரும் தமிழாசிரியை, ஏப்ரல் தமிழ்மொழி விழாவுக்குச் சிறுவர் நாடகம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். ஒன்றை அனுப்பினேன். "டீச்சர், எல்லாம் ஆங்கில எழுத்தாக வருகிறது" என்று பதில் போட்டார். எனக்கு உடம்பு சில்லிட்டுப் போனது. 2008-இல் நடந்தது மறுபடியும் நடக்கப் போகிறதா?

ஆகவே என் கேள்விகள் இவை. இந்தக் கணினி 11-ஐ ஏற்குமா? மகன் வருவதற்குள் நான் என்னென்ன செய்து வைக்க வேண்டும்? இந்தக் கோப்புகளுக்கு என்ன நோய்? எனக்குத் தட்டச்சு நன்றாக வரும். கணினியின் உள்விவரம் தெரியாது. மெதுவாகச் சொன்னால் செய்துவிடுவேன்.

பொங்கோல் நிரலர்

வணக்கம் டீச்சர். முதலில் அந்த 1,400 வெள்ளியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஐ5-8400 என்பது இன்டெல்லின் எட்டாம் தலைமுறை. விண்டோஸ் 11 ஏற்கும் இன்டெல் வரிசை பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. நினைவகம் குறைந்தது 4 ஜிபி, வட்டு 64 ஜிபி வேண்டும். உங்களிடம் அதற்கு மேலேயே இருக்கிறது.

அப்படியானால் கடைக்காரர் ஏன் ஏறாது என்றார்? மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' என்ற இலவசச் செயலியை ஓட்டிப் பாருங்கள். எனக்குத் தெரிந்தவரை உங்கள் கணினியில் இரண்டு இடத்தில் சிவப்பு விழும். ஒன்று டிபிஎம் 2.0. அது மறைகுறியீட்டுச் சாவிகளைக் காக்கிற பாதுகாப்புப் பகுதி. உங்கள் கணினியில் அது இருக்கிறது, ஆனால் பாகம் பாகமாக வாங்கிப் பொருத்திய அக்காலத்துக் கணினிகளில் அதைப் பெரும்பாலும் அணைத்தே வைத்திருப்பார்கள். கணினி தொடங்கும்போதே திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் போனால் இன்டெல் பலகைகளில் 'பிடிடி' என்ற பெயரில் இருக்கும். அதை இயக்கினால் போதும்.

இரண்டாவதுதான் கவனமாகச் செய்ய வேண்டியது. விண்டோஸ் 7 காலத்து வட்டை நகலெடுத்தீர்கள் என்பதால் உங்கள் எஸ்எஸ்டி 'எம்பிஆர்' என்ற பழைய முறையில் இருக்கும், கணினியும் 'லெகசி' என்ற பழைய முறையில் தொடங்கும். 11-க்கு யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறை வேண்டும். 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறந்தால் 'பயாஸ் மோட்' என்ற வரியில் எது என்று தெரியும். லெகசி என்று இருந்தால் மகனிடம் சொல்லுங்கள்: துடைக்கத் தேவையில்லை. விண்டோஸ் 10-க்குள்ளேயே 'எம்பிஆர்2ஜிபிடி' என்ற கருவி இருக்கிறது. கோப்புகளைத் தொடாமல் வட்டின் முறையை மட்டும் மாற்றும். முதலில் சோதனை மட்டும் செய்யச் சொல்லி ஓட்ட வேண்டும். வட்டில் மூன்றுக்கு மேல் முதன்மைப் பகிர்வுகள் இருந்தால் அது மறுத்துவிடும். தேறினால் மாற்றம். அதன்பிறகுதான் பயாஸில் யூஇஎஃப்ஐக்கு மாற்ற வேண்டும். இந்த வரிசை முக்கியம். நான் கோவில் அலுவலகக் கணினியில் பயாஸை முதலில் மாற்றிவிட்டு, வட்டே இல்லை என்று திரை சொன்னபோது அரைமணி நேரம் வியர்த்தேன். திரும்ப லெகசிக்கு மாற்றியதும் தொடங்கிவிட்டது. ஆனால் அந்த அரைமணி நேரம் யாருக்கும் வேண்டாம்.

இதெல்லாம் ஆனபிறகு, 10-க்குள் இருந்தபடியே 11-இன் நிறுவியை ஓட்டி, கோப்புகளையும் செயலிகளையும் வைத்துக்கொள் என்பதைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் ஆவணங்கள், எழுத்துருக்கள், வேர்ட் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். பிடிக்கவில்லை என்றால் 10 நாளுக்குள் பழைய 10-க்குத் திரும்பலாம். அந்தப் பத்து நாளில் இடம் காலி செய்கிறேன் என்று பழைய விண்டோஸ் கோப்புறையை மட்டும் யாரும் அழிக்கக் கூடாது. அழித்தால் திரும்பும் வழி போய்விடும்.

அவசரப்படவும் தேவையில்லை. வீட்டுக் கணினிகளுக்கு விண்டோஸ் 10-இன் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துக்கொள்ளலாம். விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 ஆக இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். 30 அமெரிக்க வெள்ளி கட்டலாம், அல்லது கணினி அமைப்புகளை அந்தக் கணக்கோடு ஒத்திசைத்தால் கட்டணமே இல்லை. விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்யும் இணைப்பு இருக்கும். இன்றே அதைச் செய்துவிடுங்கள். பிறகு நிதானமாகக் கோப்புகளைப் பார்க்கலாம்.

நகல் இரண்டு எடுங்கள், இரண்டு வெவ்வேறு வட்டில். எடுத்த நகலை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். உங்கள் கணினியிலேயே திறந்து பார்த்தால் எதுவும் நிரூபணம் ஆகாது, உங்கள் விஷயத்தில் அது இன்னும் அதிக உண்மை. மேம்படுத்தும்போது இரண்டு வட்டையும் கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். எழுத்துச் சிக்கல் எனக்குப் பிடிபடவில்லை. பெரியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பழைய அச்சகத்தான்

ஆசிரியை அம்மா, நீங்கள் அழித்தது கெட்டுப்போன கோப்பு அல்ல. இதை எப்படி மென்மையாகச் சொல்வது என்று தெரியவில்லை, ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் மீதி 600-ஐ அதுதான் காப்பாற்றும்.

நான் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஓர் அச்சகத்தில் ஈயம் கோத்ததில் தொடங்கி கணினிப் பக்கவடிவமைப்பு வரை 38 ஆண்டு வேலை பார்த்தவன். ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று நீங்கள் எழுதியதைப் படித்ததுமே தெரிந்துவிட்டது. அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. பாமினியில் ஜே விசையில் 'த', கே விசையில் 'ம', பி விசையில் இகரக் குறி, ஓ விசையில் 'ழ', அரைப்புள்ளி விசையில் மெய்யெழுத்தின் புள்ளி. சேர்த்துப் படியுங்கள்: தமிழ். உங்கள் சொல் உள்ளே அப்படியேதான் இருந்தது. அதைத் தமிழாகக் காட்டும் எழுத்துருதான் புதுக் கணினியில் இல்லை.

அந்தக் காலத்தில் தமிழுக்கென்று கணினியில் தனி இடம் கிடையாது. ஆங்கில எழுத்தின் இருக்கையில் தமிழை உட்கார வைத்து ஓட்டினோம். ஆளுக்கொரு விதமாக உட்கார வைத்தோம். அதைச் சீராக்கத்தான் 1997-இல் இங்கே சிங்கப்பூரில் தமிழிணைய மாநாடு கூட்டினார்கள். அதற்குப் பின் 1999 சென்னை மாநாட்டில் டாப், டாம் என்று இரண்டு எழுத்துக் குறியீட்டுத் தரங்கள் வந்தன. இணையத்தில் எழுதியவர்கள் திஸ்கி என்ற இன்னொரு குறியீட்டைக் கையில் எடுத்தார்கள். யூனிகோட் பரவியபிறகுதான் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் உலகம் முழுக்க ஒரே எண் என்ற நிலை நமக்கு வந்தது. உங்கள் கோப்புகள் அதற்கு முந்தைய வீட்டில் குடியிருக்கின்றன. உங்கள் கணினியில் அந்த எழுத்துரு இருப்பதால் சரியாகத் தெரிகிறது. மாணவி கணினியில் இல்லை, அதனால் தெரியவில்லை. மகன் துடைத்துவிட்டால் உங்கள் கணினியிலும் தெரியாது. பயம் வீண் இல்லை அம்மா.

இப்போது செய்ய வேண்டியது. ஒரு கோப்பை வேர்டில் திறந்து தமிழ் வரியின் மேல் சுட்டியை வைத்து, மேலே எழுத்துருப் பெட்டியில் என்ன பெயர் என்று பாருங்கள். எழுத்துரு இல்லாத கணினியிலும் வேர்ட் அந்தப் பெயரை மறக்காமல் காட்டும். பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். லதா, விஜயா, நிர்மலா யூஐ என்று இருந்தால் அது யூனிகோட், கவலையே இல்லை. ஒருவேளை லதாவும் விஜயாவும் கண்ணில் படாவிட்டால் விருப்ப வசதிகள் பட்டியலில் தமிழுக்கான கூடுதல் எழுத்துருக்களைச் சேர்த்தால் வந்துவிடும். பாமினி அல்லது டி.எஸ்.சி. என்று தொடங்கும் பெயர் இருந்தால் அது பழையது. சந்தேகமாக இருந்தால் ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். அங்கேயும் தமிழாக நின்றால் யூனிகோட். வெறும் ஆங்கில எழுத்தாகிவிட்டால் பாமினி போன்றது. தலையில் கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்தாகிவிட்டால் திஸ்கியாக இருக்கலாம்.

அப்புறம், விண்டோஸ் கோப்புறைக்குள் ஃபான்ட்ஸ் என்று ஒன்று இருக்கும். அதிலிருந்து உங்கள் தமிழ் எழுத்துருக்கள் அத்தனையையும் நகலெடுத்து, ஆவணங்களோடு சேர்த்து அந்த இரண்டு வட்டிலும் வையுங்கள். கோப்பை மட்டும் எடுத்து எழுத்துருவை விட்டுவிட்டால் பூட்டை எடுத்துச் சாவியை விட்ட கதை. 2008-இல் உங்களுக்கு வேலை செய்தவர் விட்டது இதைத்தான்.

மூன்றாவது, முக்கியமானவற்றைத் திரையில் சரியாகத் தெரிகிற இப்போதே பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள். அச்சிடும் இடத்தில் 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' என்று இருக்கும். எழுத்தின் உருவம் அதற்குள் பதிந்துவிடும், எந்தக் கணினியிலும் அப்படியே தெரியும். திருத்த முடியாது, ஆனால் படிக்க முடியும். எல்லாம் போனாலும் அதைப் பார்த்துத் திரும்பத் தட்டச்சு செய்துகொள்ளலாம்.

நான்காவதாக யூனிகோடுக்கு மாற்றுவது. என்.எச்.எம். கன்வெர்ட்டர் இருக்கிறது, இணையத்தில் பொங்குதமிழ் எழுத்துருமாற்றி இருக்கிறது. எந்தக் குறியீட்டிலிருந்து என்று சரியாகத் தேர்ந்தெடுத்து ஒட்டினால் நொடியில் மாறும். 600-ஐயும் ஒரே மூச்சில் செய்யாதீர்கள். பத்து செய்து, பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். மூலக்கோப்பை ஒருபோதும் அழிக்காதீர்கள்.

இன்னொன்று, இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக: விண்டோஸ் 11-இல் 32-பிட் பதிப்பே கிடையாது. 32-பிட் விண்டோஸ் 10-இல் தத்தித் தத்தி ஓடிக்கொண்டிருக்கும் பழைய 16-பிட் தமிழ்ச் செயலி எதையாவது நம்பி யாராவது இருந்தால், அது அங்கே ஓடாது. அதிலுள்ளதை இப்போதே வெளியே எடுங்கள்.

செங்காங் மகள்

நிரலர் அண்ணன் சொல்லாமல் விட்ட ஒன்று, மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு. என் அப்பாவின் மடிக்கணினியில் பயாஸுக்குள் போய் டிபிஎம் அமைப்பைத் தொட்டேன். அடுத்த முறை தொடங்கியபோது வட்டை மறைகுறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் மீட்புச்சாவி கேட்டது. 48 இலக்கம். வட்டு மறைகுறியாக்கம் ஆகியிருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரியாது. சாவி அப்பாவின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருந்தது, கணக்கின் கடவுச்சொல் அப்பாவுக்கு மறந்துவிட்டது. அவருடைய பழைய கைத்தொலைபேசி எண்ணை மீட்டு, கணக்கைத் திறந்து, சாவியை எடுக்க ஒன்பது நாள் ஆனது. அம்மாவின் கடைசிப் பிறந்தநாள் படங்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. பயாஸைத் தொடுவதற்கு முன் அமைப்புகளில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் அந்த 48 இலக்கத்தைக் காகிதத்தில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு ஆரம்பியுங்கள்.

டீச்சர், இன்னொன்று. "உங்கள் விண்டோஸ் காலாவதியாகிவிட்டது, மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம்" என்று யாராவது தொலைபேசியில் கூப்பிட்டால் உடனே வைத்துவிடுங்கள். அவர்கள் அப்படிக் கூப்பிடுவதில்லை. சந்தேகம் வந்தால் ஸ்கேம்ஷீல்ட் என்ற மோசடித் தடுப்பு உதவி எண் 1799, எந்த நேரமும் பேசலாம். உங்கள் வயதில் தனியாக இருப்பவர்களைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள்.

புக்கிட் பாத்தோக் ஆசிரியை

தம்பி, ஐயா, மகளே, மூவருக்கும் என் வணக்கம். பத்து நாளாக உட்கார்ந்து செய்தேன். செய்ததைச் சொல்கிறேன்.

நீட்டிப்புக்குப் பதிவு செய்துவிட்டேன். கட்டணம் எதுவும் கேட்கவில்லை. தம்பி சொன்ன இரண்டு சிவப்பும் அப்படியே இருந்தன. பயாஸ் மோட் லெகசிதான். டிவைஸ் என்கிரிப்ஷன் இயங்கவில்லை.

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அழிக்காமல் விட்டிருக்கலாமே என்ற நினைப்புத்தான். விடிந்ததும் அலமாரி, கட்டிலடி என்று எல்லா இடமும் தேடினேன். பயிற்சித்தாள் கோப்புறை ஒன்றின் உறைக்குள் 2006 என்று எழுதிய ஒரு குறுந்தட்டு கிடைத்தது. நானே பதிவு செய்தது, செய்ததே மறந்துவிட்டது. என் கணினியில் தட்டு போடும் இடம் இல்லை. தங்கை வீட்டில் யூஎஸ்பியில் செருகும் ஓட்டி ஒன்று இருந்தது, தோ பாயோ வரை போய் வாங்கி வந்தேன். 46 கோப்புகளில் 39 வந்தன. மற்றவை படிக்க முடியவில்லை என்று சொல்லி நின்றுவிட்டது. வந்ததை உடனே வட்டில் போட்டுவிட்டேன்.

பாமினிதான். எனக்கு அந்த எழுத்துருவைக் கொடுத்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் பள்ளியில் கற்பித்த ஓர் ஆசிரியை. ஒரு நெகிழ்வட்டில் போட்டுக் கொடுத்தார். பெட்டியில் அந்தப் பெயரைப் பார்த்ததும் அவர் முகம்தான் ஞாபகம் வந்தது.

ஐயாவிடம் இரண்டு கேள்வி. மாற்றிய கோப்புகளில் ஆங்கிலப் பெயர்களும் முகவரியும் வரும் இடமெல்லாம் தமிழ்க் குழப்பமாகிவிடுகிறது. புளோக் எண்ணுக்குப் பின்னால் இருந்த காற்புள்ளி எல்லாம் 'இ' ஆகிவிட்டது. ஏன்? இரண்டாவது, ஔவையார் என்று தேடினால் ஒரு கோப்பும் கிடைக்கவில்லை. கண்ணுக்கு எதிரே பெயர் இருக்கிறது, தேடினால் இல்லை என்கிறது.

பழைய அச்சகத்தான்

அம்மா, அந்தக் குறுந்தட்டுக்கு நான் உங்களைவிடச் சந்தோஷப்படுகிறேன். நம் ஊர் ஈரப்பதத்தில் 20 ஆண்டு தாங்கியது பெரிய விஷயம். படிக்காத ஏழு கோப்புக்காக அதே தட்டை வேறொரு ஓட்டியில் போட்டுப் பாருங்கள். ஒன்று மறுப்பதை இன்னொன்று படித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

காற்புள்ளி: பாமினியில் காற்புள்ளி விசைதான் 'இ'. மாற்றிக்கு எது தமிழ், எது ஆங்கிலம் என்று தெரியாது, முழுவதையும் தமிழாகவே எடுத்துக்கொள்ளும். ஆகவே தமிழ்ப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள், ஆங்கில வரியை விட்டுவிடுங்கள். திஸ்கி கோப்பில் இந்தத் தொல்லை வராது. அதில் ஆங்கிலம் தன் இடத்திலேயே இருக்கும், தமிழ் மேல்பாதியில் இருக்கும்.

ஔவையார்: பழைய எழுத்துருக்களில் 'ஔ'வை 'ஒ' அடித்து 'ள' அடித்து ஒட்டுவோம். மாற்றியபிறகும் அது 'ஒ'வும் 'ள'வுமாகத் தனித்தனியே நிற்கிறது. பார்த்தால் ஒன்றுதான், கணினிக்கு அது 'ஒளவையார்'. வேர்டின் தேடி மாற்றும் வசதியில் 'ஒளவை' என்பதை 'ஔவை' ஆக்குங்கள். 'ஔவை', 'ஔடதம்' என்று சொல் சொல்லாகச் செய்யுங்கள். மொத்தமாக 'ஒள' என்று மாற்றினால் 'ஒளி', 'ஒளிந்தான்' எல்லாம் உடைந்துவிடும்.

பொங்கோல் நிரலர்

டீச்சர், தட்டச்சு முறையைப் பற்றி ஒரு வார்த்தை. 2019-க்குப் பிந்தைய விண்டோஸில் தமிழ் 99, தமிழ் அஞ்சல் இரண்டு விசைப்பலகையும் உள்ளேயே இருக்கின்றன. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் போதும், தனிச் செயலி வேண்டாம். மேம்படுத்தும் முன்பே 10-இல் போட்டுப் பழகிக்கொள்ளுங்கள். அன்றைக்கு எல்லாமே புதிதாக இருக்க வேண்டாம். உங்கள் அச்சுப்பொறிக்கு 11-க்கான இயக்கி இருக்கிறதா என்றும் தயாரிப்பாளர் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

புக்கிட் பாத்தோக் ஆசிரியை

மகன் வந்து போய்விட்டான். நடந்ததை எழுதுகிறேன், என்னைப்போல் இன்னொருவர் தேடி வரலாம்.

வந்த முதல் நாளே உங்கள் பதில்களை அவனுக்குப் படித்துக் காட்டினேன். துடைக்க வேண்டாம் என்று ஒத்துக்கொண்டான். சனிக்கிழமை காலை எழுத்துருக் கோப்புறையோடு இரண்டு நகல் எடுத்து, ஒன்றை அவனுடைய மடிக்கணினியில் செருகித் திறந்தோம். யூனிகோட் ஆக்கியவை அங்கேயும் தமிழாகவே இருந்தன. அதைப் பார்த்தபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இரண்டு வட்டையும் கழற்றி அரிசி டப்பாவுக்கு மேலே உள்ள அலமாரியில் வைத்தேன்.

சோதனை தேறியது, வட்டு மாறியது, பயாஸ் மாற்றினான், பிடிடி இயக்கினான், பிசி ஹெல்த் செக் எல்லாம் பச்சை என்றது. 11 ஏறி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மூன்று முறை தானாக அணைந்து எழுந்தது. அச்சுப்பொறியை மட்டும் நீக்கிவிட்டுத் திரும்பச் சேர்க்க வேண்டியிருந்தது. பாமினி இருந்த இடத்திலேயே இருக்கிறது. தொடக்கப் பொத்தான் நடுவில் இருப்பது கண்ணுக்குப் பழகவில்லை என்றேன், இடது பக்கம் நகர்த்திக் கொடுத்தான். இப்போது தமிழ் 99-இல்தான் இதைத் தட்டச்சு செய்கிறேன்.

அதியமான் நாடகம் தட்டில் இருந்தது ஐயா. நான்கு காட்சியும் முழுதாக. பிடிஎஃப் ஒன்றும், திருத்தக்கூடிய யூனிகோட் கோப்பு ஒன்றுமாக மாணவிக்கு அனுப்பினேன். திறந்ததும் எனக்கு அழைத்தார். அந்த நாடகத்தில் 2003-இல் ஔவையாராக நடித்தது அவர்தானாம், எனக்கு மறந்தேபோய்விட்டது. அவருடைய வகுப்பில் வியாழக்கிழமை முதல் ஒத்திகை.

600-இல் இதுவரை 210 மாற்றியிருக்கிறேன். நாளுக்கு பத்து என்று வைத்துக்கொண்டேன், படித்துப் பார்த்துத்தான் அடுத்ததற்குப் போகிறேன்.

இன்னும் ஒரு சந்தேகம். தட்டில் வந்த 39-இல் மூன்று கோப்புகள் பாமினியும் இல்லை, திஸ்கியும் இல்லை. தொண்ணூறுகளில் செய்தவை. அந்தக் காலத்தில் எங்களில் பலர் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளர் நா. கோவிந்தசாமி உருவாக்கிய கணியன் என்ற தமிழ் மென்பொருளில்தான் தமிழ் தட்டச்சு செய்யப் பழகினோம். இவை கணியன் கோப்புகளாக இருக்கும் என்று நினைக்கிறேன். கணியன் எழுத்துரு யாரிடமாவது பழைய வட்டிலோ நெகிழ்வட்டிலோ இருக்கிறதா? இருந்தால் சொல்லுங்கள், எங்கே என்றாலும் நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்.